மறுக்கச் சொல்லாதீர்கள், கேட்கச் சொல்லுங்கள்

"ஆன்டிபயாடிக் குழந்தையின் குடலையே அழித்துவிடும், பெற்றோர் துணிந்து மறுக்க வேண்டும்" என்று நேற்றைய நேரலையில் ஒருவர் பேசியதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு அது. எனக்கு இரவு முழுக்கத் தூக்கமில்லை.

ரத்த வெள்ளையணுக்களின் கவுண்ட் இறங்கி, அவற்றில் கிருமியோடு போராடும் நியூட்ரோபில் 500-க்குக் கீழே போன குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். கீமோ குடலின் உட்சுவரைப் புண்ணாக்கியிருக்கும். அங்கே இருக்கும் கிருமியே ரத்தத்தில் நுழைந்துவிடும். என் மகளுக்கு நள்ளிரவில் 101.6. மறுநாள், ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சரில் கிளெப்சியெல்லா என்ற குடல் கிருமி. அன்று நான் மறுத்திருக்க வேண்டுமா?

குடல் பாக்டீரியா பாதிக்கப்படவில்லையா என்பீர்கள். பாதிக்கப்படுகிறது, யார் இல்லை என்றது? மெரோபெனெம் போன்ற ஆன்டிபயாடிக் நல்ல கிருமி கெட்ட கிருமி பார்ப்பதில்லை. குடல் செல்களுக்குத் தீனியான பியூட்டிரேட்டைத் தரும் பாக்டீரியாக்களும் சேர்ந்து சாகின்றன. காலியான இடத்தில் என்டரோகாக்கஸ் என்ற கிருமி பெருகும், வயிற்றுப்போக்கு தரும் க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் தலைதூக்கும். அடுத்த முறை காய்ச்சல் வந்தபோது கல்ச்சரில் ஒன்றுமே வளரவில்லை. காய்ச்சலும் விட்டது, கவுண்டும் ஏறியது. ஆனாலும் பதினொரு நாள் மருந்து ஓடியது. அப்புறம் வயிற்றுப்போக்கு. சுருண்டு கிடந்தவளை இரவெல்லாம் துடைத்துவிட்டவள் நான். எனக்கா குடலைப் பற்றிப் பாடம்?

கல்ச்சர் 48 மணி நேரம் சுத்தமாக இருந்து, காய்ச்சல் விட்டு 24 மணி நேரமாகி, ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையும் மீளத் தொடங்கினால் நிறுத்தலாம் என்று குழந்தைகளுக்கான சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது. தொடங்குவதில் தயங்காதீர்கள், எப்போது நிறுத்தலாம் என்று தினமும் கேளுங்கள். நான் கேட்டேன். "எங்களுக்குத் தெரியாதா?" என்று ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாலும் சொன்னார்கள். அந்தப் பக்கமும் அவமானம், இந்தப் பக்கமும் குற்றச்சாட்டு.

லாக்டோபேசிலஸ் போன்ற நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாட்டிக் கொடுத்தால் போயிற்று என்கிறார்கள். எதிர்ப்பு சக்தி இல்லாத பிள்ளைகளுக்கு அந்த லாக்டோபேசிலஸே ரத்தத்தில் தொற்றானது உண்டு. மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள். மருந்துக் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

இன்று விடியற்காலையில் ஒரு தாய் செய்தி அனுப்பினாள். "பையனுக்குக் காய்ச்சல் அக்கா. ஆன்டிபயாடிக் வேண்டாம்னு சொல்லிடவா?" நேற்று கேட்ட பேச்சுதான். கை நடுங்க அவளை அழைத்து, முதலில் கிளம்பு என்றேன். ஏழு மணிக்கு மருந்து ஏறத் தொடங்கியதாம். எத்தனை மணிக்குக் காய்ச்சல் வந்தது என்று நான் கேட்கவில்லை.