கேட் வரை வந்தவரைத் திருப்பி அனுப்பினால் காசு கொடுக்க வேண்டுமா?

"வாயாலதானே சொன்னேன், எழுதியா கொடுத்தேன்? நான் ஏன் காசு கொடுக்கணும்?"

தீபாவளி நெருங்க நெருங்க இந்தப் பேச்சு அதிகமாகக் காதில் விழுகிறது. ஏர்கோன் கழுவ ஆள், சோபா கழுவ ஆள், பைப் பார்க்க ஆள் என்று எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் கூப்பிடுகிறோம். கடைசி நேரத்தில் வேண்டாம் என்கிறோம். அப்புறம் சண்டை. என் கருத்து இதுதான்: முந்தின நாளே சொல்லிவிட்டால் ஒன்றும் கொடுக்க வேண்டாம். ஆள் கிளம்பி வந்த பிறகு வேண்டாம் என்றால், வந்துபோன செலவைக் கொடுத்தே ஆக வேண்டும். அதற்காக முழுக் கூலியையும் கேட்பது அநியாயம்.

என் சித்தப்பா மகன் கோலாலம்பூர் செந்தூலில் ஏர்கோன் வேலை செய்கிறான். பூச்சோங்கில் ஒரு காண்டோவில் மூன்று ஏர்கோன் யூனிட்டுக்குக் கெமிக்கல் வாஷ், 360 வெள்ளி (ரிங்கிட்), சனிக்கிழமை காலை ஒன்பதரை என்று போனில் பேசி முடித்தார்கள். கெமிக்கல் வாஷ் என்பது பில்டரைக் கழற்றித் தண்ணீர் அடித்துவிட்டு வருகிற வேலை இல்லை. யூனிட்டைச் சுவரிலிருந்து இறக்கி, பிரித்து, கழுவி, காயவைத்துத் திரும்ப மாட்ட வேண்டும். ஒரு ஆளால் முடியாது. உதவிக்கு வரும் பையனுக்கு நாள் கூலி பேசி, அன்றைக்கு வேறு வேலை எதையும் எடுக்காமல் கிளம்பினான். எல்டிபி நெடுஞ்சாலையில் ஜாம், டோல் வேறு. காண்டோ வாசலில் காவலர் அறையில் பெயர் எழுதி, ஐசி (அடையாள அட்டை) காட்டி நிற்கிறான். காவலர் மேலே வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேசிவிட்டு, "வேணாமாம்" என்கிறார். போன் போட்டால் வீட்டுக்கார அம்மா, "இன்னொருத்தர் முன்னாடியே வந்துட்டாருப்பா, 80 வெள்ளி கம்மி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இரண்டு மூன்று பேரிடம் சொல்லி வைத்து, முதலில் வருபவரை வைத்துக்கொள்வது நம்மில் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. இதைச் சாமர்த்தியம் என்று பேசுவதைக் கேட்டால் எனக்கு மனசு கொதிக்கிறது. மற்றவர்களுக்கு அன்றைய வருமானம் போய்விட்டது.

எழுத்தில் இல்லை என்பதால் ஒப்பந்தமே இல்லை என்று நினைப்பது தவறு. மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, இது மாதிரி வேலைக்கு இரண்டு பேரும் மனமொத்துப் பேசி முடித்தாலே ஒப்பந்தம்தான், காகிதம் தேவையில்லை. அதை மீறினால், மீறியதால் இயல்பாக வந்த நட்டத்துக்கு ஈடு கேட்கலாம் என்கிறது 74-ஆம் பிரிவு. அந்த நட்டத்தைச் சரிக்கட்ட என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. முந்தின நாளே சொல்லியிருந்தால் அவன் வேறு வேலை பிடித்திருப்பான். கேட்டில் வைத்துச் சொன்னால் எங்கே போவான்?

ஆனால் அவனும் கோபத்தில் "360 வெள்ளியும் கட்டு, இல்லாட்டி உன் பேரை பேஸ்புக்ல போடுவேன்" என்று மெசேஜ் அனுப்பினான். அதை நான் ஏற்கவில்லை, அவனிடமே சொன்னேன். கழுவுகிற மருந்து செலவாகவில்லை, வேலையும் செய்யவில்லை, முழுத்தொகை எப்படி நட்டமாகும்? முன்கூட்டியே அபராதம் பேசி வைத்திருந்தால்கூட நியாயமான ஈடுதான் கிடைக்கும் என்று 75-ஆம் பிரிவு இருக்கிறது. டோல், பெட்ரோல், பையனின் கூலி, அரை நாள் வீணானதற்கு ஏதோ கொஞ்சம். இதைக் கேட்டிருந்தால் அந்த அம்மாவால் வாய் திறந்திருக்க முடியாது.

டெபோசிட் வாங்கிக்கொண்டு ஆளே வராதவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்கள் மேல் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் புகார் கொடுக்கலாம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம். ஆனால் அங்கே வழக்குத் தொடுக்க முடிவது பயனீட்டாளருக்கு மட்டும்தான். ஏர்கோன் போடுகிற தம்பி கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். நூறு வெள்ளிக்காக இன்னொரு நாள் வேலையை விட்டுவிட்டு எவன் போவான்? போக மாட்டான் என்று தெரிந்துதான் நாம் துணிந்து வேண்டாம் என்கிறோம்.

இப்போது அவன் புக் செய்பவர்களுக்கு உடனே ஒரு வாட்சாப் போடுகிறான்: "சனி 9.30, மூணு யூனிட், 360 வெள்ளி. வெள்ளிக்கிழமை ராத்திரி 8 மணிக்குள்ள கேன்சல் பண்ணா காசு வேணாம். அதுக்கப்புறம்னா 60 வெள்ளி. சரின்னா பதில் போடுங்க." 2006-ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட மெசேஜும் சட்டப்படி செல்லும். அவனும் வர முடியாவிட்டால் அதே நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த சர்வீஸில் 60 வெள்ளி கழிவு என்றும் சேர்க்கச் சொன்னேன், சேர்த்துவிட்டான். சிலர் பார்த்துவிட்டுப் பதிலே போடுவதில்லை. அவர்கள் வீட்டுக்கு அவன் வண்டியை எடுப்பதில்லை.