ஒரே குழந்தை, மூன்று பேப்பர்

அரிய நோய் பற்றி, பழைய பேப்பர்களைத் தொகுத்து எழுதிய ஏதாவது ஒரு மறுஆய்வுக் கட்டுரையைத் திறந்து பாருங்கள். "இந்தத் திரிபோடு (மரபணுவில் உள்ள மாற்றத்தோடு) இதுவரை 9 நோயாளிகள்" என்று அட்டவணை போட்டிருப்பார்கள். அந்த 9 எப்படி வந்தது? 9 கேஸ் ரிப்போர்ட்டுகளைக் கூட்டினார்கள், அவ்வளவுதான். வலிப்போடு வந்த ஒரு குழந்தையை நரம்பியல் மருத்துவர் எழுதுகிறார். அதே குழந்தையின் விழித்திரையைப் பார்த்த கண் மருத்துவர் கண் இதழில் தனியாக எழுதுகிறார். மரபணுவை வாசித்த ஆய்வகம் ஓராண்டு கழித்து 40 பேர் தொகுப்பில் "நோயாளி 17" என்று அதே குழந்தையைச் சேர்த்துவிடுகிறது. மூன்று பேப்பர், மூன்று ஆசிரியர் பட்டியல். அட்டவணை போடுகிறவருக்கு மூன்று நோயாளி.

பேப்பரில் யார் பெயர் வரவேண்டும் என்ற சண்டையை எல்லோரும் ஈகோ விவகாரமாகவோ அறநெறி வகுப்பாகவோ பேசிவிட்டுப் போகிறார்கள். அரிய நோயில் அது நேராகத் தரவுப் பிழையாக மாறுகிறது. நீரிழிவு ஆய்வில் 5,000 பேரில் இருவர் இரண்டு தடவை எண்ணப்பட்டால் ஒன்றும் குடிமுழுகாது. 9 பேரில் இருவர் என்றால் கதையே வேறு.

எப்படிக் கெடுகிறது என்று கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஒரு மரபணுத் திரிபு நோய்க்குக் காரணமா இல்லையா என்று முடிவு செய்ய, அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2015-இல் வெளியிட்ட விதிகளைத்தான் உலகம் முழுக்க ஆய்வகங்கள் பின்பற்றுகின்றன. ஐந்து வகைகள்: நோய் உண்டாக்குவது, அநேகமாக நோய் உண்டாக்குவது, பொருள் தெளிவில்லாதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது. ஒவ்வொரு ஆதாரத்துக்கும் ஒரு வலு உண்டு. நடுத்தர வலுவுள்ள ஆதாரம் மூன்று சேர்ந்தால் "அநேகமாக நோய் உண்டாக்குவது". இரண்டு மட்டும் இருந்து வேறெதுவும் இல்லையென்றால் "பொருள் தெளிவில்லாதது".

இப்போது ஒரு திரிபை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுமக்கள் தரவுத்தளங்களில் அது இல்லை: 2015 விதிப்படி நடுத்தர ஆதாரம் ஒன்று. புரதத்தின் முக்கியமான பகுதியில் விழுகிறது: இரண்டு. உறவில்லாத பல நோயாளிகளிடம் அதே நோய்க்குறிகளோடு அதே திரிபு காணப்பட்டிருக்கிறது: மூன்று. வாசல் திறந்துவிட்டது. ஆனால் அந்த "உறவில்லாத பலர்" உண்மையில் நரம்பியல் இதழிலும் கண் இதழிலும் வந்த அதே குழந்தை என்றால்? மூன்றாவது ஆதாரம் காற்றில் போகிறது, திரிபு பழையபடி "தெளிவில்லாதது" ஆகிறது. இடைப்பட்ட காலத்தில் வேறொரு குடும்பத்துக்கு "காரணம் கிடைத்துவிட்டது" என்று அறிக்கை போயிருக்கும். மேற்கொண்டு தேடுவதை நிறுத்தியிருப்பார்கள். அடுத்த கர்ப்பத்தைப் பற்றிய முடிவுகூட அந்தத் தாளை வைத்து எடுக்கப்பட்டிருக்கலாம். இன்னொரு வழுக்கலும் உண்டு: அண்ணன் ஒரு பேப்பரில், தங்கை இன்னொரு பேப்பரில். இருவரும் உண்மையான ஆட்கள்தான். ஆனால் "உறவில்லாத" என்ற சொல் அங்கே பொய்.

ஏன் யாரும் சொல்வதில்லை? "இந்த நோயாளி ஏற்கெனவே வெளிவந்தவர்" என்று எழுதினால் மதிப்பீட்டாளர் புதிதாக ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்புவார் என்ற பயம். அதோடு, அந்த வரியை எழுதப்போனால் பழைய பேப்பரின் ஆசிரியரிடம் பேச வேண்டும். பேசினால் பட்டியலில் இடம் கேட்பார். மௌனம் சுலபமாகிவிடுகிறது. வேண்டியது ஒரே ஒரு வரிதான்: "இங்கு நோயாளி 2 எனக் குறிக்கப்படுபவர், முன்பு இன்ன கட்டுரையில் நோயாளி 17 என வந்தவர், அப்போது வயது 3, இப்போது 8, கண் பரிசோதனை விவரம் புதியது." இந்த வரி பேப்பரைப் பலவீனப்படுத்தாது. நோய் ஐந்து ஆண்டில் எப்படி நகர்கிறது என்ற தகவல், புதிதாக ஒரு கேஸைவிடப் பல சமயம் அருமையானது. சிகிச்சை ஆய்வு வடிவமைப்பவர்கள் தேடி அலைவது அதைத்தான்.

மறுஆய்வு எழுதுகிறவர்கள் ஒரு வேலை செய்யலாம். ஒவ்வொரு நோயாளிக்கும் பாலினம், பேப்பர் அனுப்பிய ஆண்டிலிருந்து வயதைக் கழித்து வரும் பிறந்த ஆண்டு, முதல் அறிகுறி தோன்றிய மாதம், நாடு, பெற்றோரிடம் திரிபு உண்டா இல்லையா, மருத்துவமனை ஆகியவற்றை அட்டவணையில் தனித்தனி நெடுவரிசையாக வையுங்கள். பிறந்த ஆண்டு ஒன்று முன்பின் வந்து மற்றவை பொருந்தினால் இரண்டு ஆசிரியர்களுக்கும் மின்னஞ்சல் போடுங்கள். பெற்றோரிடம் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றிய திரிபு, அதே நாடு, அதே பாலினம் என்றால் சந்தேகம் வலுவானது. ஒரு சமூகத்தில் மூதாதையர் வழி பரவிய திரிபு என்றால் திரிபு ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே திரிபு, அதன் இடத்தைக் குறிக்கும் எண் வேறுபட்டு, இரண்டு பேப்பரில் இரண்டு எண்ணோடு வரும். காரணம், ஒரு மரபணுவுக்கு டிரான்ஸ்கிரிப்ட் (அதிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ வடிவம்) பல உண்டு. ஒருவர் நீளமானதை வைத்து எண்ணுவார், இன்னொருவர் குட்டையானதை வைத்து எண்ணுவார். டிரான்ஸ்கிரிப்டின் பெயரையும் பதிப்பு எண்ணையும் எழுதாத பேப்பர் பாதிப் பேப்பர். ஒப்பிடுமுன் எல்லாவற்றையும் ஒரே டிரான்ஸ்கிரிப்டுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் இரண்டு தடவை எண்ணப்பட்ட குழந்தையை உங்கள் அட்டவணையே ஒளித்து வைக்கும்.

ரெஜிஸ்ட்ரி (நோயாளிகள் பதிவேடு) நடத்துகிறவர்களுக்கு இதைவிடச் சுத்தமான வழி இருக்கிறது. பிறந்தபோது வைத்த பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், பாலினம் ஆகியவற்றை மருத்துவமனைக் கணினியிலேயே ஒரு குறியீடாகச் சுருக்கி, குறியீட்டை மட்டும் வெளியே அனுப்புவது. பெயர் வெளியே போகாது, ஆனால் அதே ஆள் எங்கே பதிந்தாலும் அதே குறியீடு. தவறுவது எங்கே என்றால் எழுத்துக்கூட்டலில். ஓர் இடத்தில் ஒரு எழுத்து கூடினால் குறியீடு முழுக்க மாறிவிடும். அதனால் பெயரைச் சான்றிதழில் இருப்பதுபோல மட்டும் பதிவது, பல சேர்க்கைகளில் பல குறியீடுகள் உண்டாக்கிப் பெரும்பாலானவை பொருந்துகின்றனவா என்று பார்ப்பது என்று செய்வார்கள்.

சரி, பெயர் விஷயத்துக்கு வருவோம். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு ஆசிரியராவதற்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆய்வின் கருத்திலோ வடிவமைப்பிலோ, தரவைத் திரட்டுவதிலோ அலசுவதிலோ கணிசமான பங்கு; எழுதுவது அல்லது ஆழ்ந்து திருத்துவது; இறுதி வடிவத்துக்குச் சம்மதம்; கேள்வி எழுந்தால் பதில் சொல்லும் பொறுப்பு. நான்காவது 2013-இல்தான் சேர்ந்தது. நான்கும் வேண்டும்.

இதைக் காட்டித்தான் "நீங்கள் ரத்த மாதிரி மட்டும்தானே அனுப்பினீர்கள்" என்று சிறு ஊர் மருத்துவரைக் கழற்றிவிடுகிறார்கள். அதே ஆவணத்தில் இருக்கும் இன்னொரு வாக்கியத்தை யாரும் வாசிப்பதில்லை: முதல் நிபந்தனையை நிறைவேற்றிய ஒவ்வொருவருக்கும் திருத்தவும் சம்மதிக்கவும் வாய்ப்புத் தரப்பட வேண்டும். அதாவது, வரைவையே காட்டாமல் இருந்துவிட்டு "நீங்கள் திருத்தவில்லையே, ஆசிரியர் ஆக முடியாது" என்று சொல்வது விதியைத் தலைகீழாகப் பிடிப்பது. "நாளை மாலைக்குள் ஓகே சொல்லுங்கள்" என்று 30 பக்கத்தை அனுப்புவதும் வாய்ப்பில் சேராது.

மறுபக்கமும் சுத்தமில்லை. நோயாளியை ஒருமுறைகூடப் பார்க்காத துறைத்தலைவர், மூத்தவருக்கான இடமான கடைசிப் பெயராக உட்கார்ந்திருப்பார். கேஸ் கொடுத்தால் பெயர், பெயர் இல்லையேல் கேஸ் இல்லை என்ற பண்டமாற்றும் நடக்கிறது. அதுதான் குழந்தையை மூன்று பேப்பராக உடைப்பதன் வேர். என் கட்சி இரண்டுக்கும் நடுவில். பல வருடம் நோயாளியைத் தொடர்ந்து பார்த்து, நோய்க்குறிகளை ஒழுங்காகப் பதிந்து தந்தவர் தரவு திரட்டியவர். அவருக்கு வரைவு போகவேண்டும். ஒரு குழாய் ரத்தம் அனுப்பியவருக்கு ஆசிரியர் இடம் தேவையில்லை, ஆனால் நன்றியுரையில் புதைப்பதும் அநியாயம். குழுப்பெயரில் வெளியிட்டு உறுப்பினர்களை ஒத்துழைப்பாளர்களாகப் பட்டியலிட்டால், மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட் அந்தப் பெயர்களை ஆசிரியர்களிடமிருந்து பிரித்துத் தனியாகக் காட்டுகிறது. பெயரைத் தேடினால் பேப்பர் கிடைக்கும். பங்களிப்பைப் பிரித்துச் சொல்ல 14 பாத்திரங்கள் கொண்ட கிரெடிட் முறையும் இருக்கிறது. அதில் "வளங்கள்" என்ற பாத்திரத்தின் விளக்கத்திலேயே நோயாளிகளை வழங்குவதும் மாதிரிகளை வழங்குவதும் அடங்கும். பயன்படுத்தத்தான் ஆளில்லை. ஒரு நல்ல காரியம்: மாதிரியை அனுப்புவதற்கு முன்பே யார் ஆசிரியர், யார் ஒத்துழைப்பாளர், அந்த நோயாளியைத் தனியாக எழுத யாருக்கு உரிமை, எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்வது. முடிவுகள் வந்தபின் பேசினால் அது பேச்சாக இருக்காது, பஞ்சாயத்தாக இருக்கும்.

இந்தக் கதையில் நோயாளிக் குடும்பங்கள் வெறும் மாதிரி கொடுப்பவர்களாக நின்ற காலம் போய்விட்டது. சூடோஸாந்தோமா எலாஸ்டிகம் என்ற நோயில் தோல், விழித்திரை, ரத்தக்குழாய் ஆகியவற்றின் மீள்நார்களில் கால்சியம் படியும். தன் இரண்டு பிள்ளைகளுக்கும் இந்த நோய் என்று தெரிந்தபோது ஷரன் டெர்ரிக்கு அறிவியல் பின்னணி கிடையாது. ஒரு ஆய்வுக்குழு வந்து பிள்ளைகளின் ரத்தம் எடுத்துப் போனது. சில நாளில் இன்னொரு குழு வந்து மறுபடி ரத்தம் கேட்டது. முந்தைய குழுவிடம் வாங்கிக்கொள்ளக் கூடாதா என்றால், அவர்கள் பகிர்ந்துகொள்வதில்லை என்று பதில். 1995-இல் அவரும் கணவரும் ஓர் அமைப்பைத் தொடங்கி, ரத்தமும் திசுவும் சேர்த்து வைக்கும் வங்கியைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். மாதிரி வேண்டுமா, நிபந்தனையோடு வா. 2000-இல் அந்த நோய்க்கான ஏ.பி.சி.சி.6 மரபணுவை அறிவித்த பேப்பர்களில் ஒன்றில் ஷரன் டெர்ரி ஆசிரியர். காப்புரிமையில் இணைக் கண்டுபிடிப்பாளரும் அவர்தான். கெஞ்சிப் பெற்ற இடமில்லை அது. வங்கிச் சாவி யாரிடம் இருந்ததோ அவருக்குக் கிடைத்தது.

சிகிச்சைப் பக்கம் வந்தால் நோயாளிகளைப் பிரித்து வைப்பதன் விலை இன்னும் தெளிவாகத் தெரியும். அல்காப்டோனூரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் காற்றுப் பட்டால் கறுக்கும். உடலால் உடைக்க முடியாத ஹோமோஜென்டிசிக் அமிலம் குருத்தெலும்பில் படிந்து நடுவயதில் முதுகும் மூட்டும் போகும். பரம்பரை வளர்சிதைக் கோளாறு என்ற எண்ணத்துக்கே ஆர்ச்சிபால்ட் கரோட் 1902-இல் இந்த நோயை வைத்துத்தான் வழி போட்டார். மருந்து நிட்டிசினோன், களைக்கொல்லி ஆராய்ச்சியில் பிறந்தது. அமெரிக்காவில் 40 பேரிடம், தினம் 2 மில்லிகிராம், மூன்று ஆண்டு நடந்த ஆய்வின் முடிவு 2011-இல் வந்தது. அமிலம் 95 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. ஆனால் ஆய்வு முதன்மை அளவுகோலாக வைத்திருந்தது இடுப்பு மூட்டு எவ்வளவு திரும்புகிறது என்பதை. அதில் தெளிவான வித்தியாசம் வரவில்லை. பல ஆண்டுகளாகத் தேய்ந்த மூட்டு, 40 பேர், மூன்று வருடம் என்ற கணக்குக்குள் அது வந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஐரோப்பியக் குழுக்கள் வேறு மாதிரி போனார்கள். முதலில் 40 பேரை எட்டெட்டாகப் பிரித்து, ஒரு குழுவை மருந்தில்லாமல் விட்டு, மற்றவற்றுக்கு 1, 2, 4, 8 மில்லிகிராம் என்று நான்கு வாரம் கொடுத்து அளவை மட்டும் கண்டுபிடித்தார்கள். பிறகு மூன்று மையங்கள், 138 பேர், தினம் 10 மில்லிகிராம், நான்கு ஆண்டு. முதன்மை அளவுகோல் 24 மணிநேரச் சிறுநீரில் அமிலத்தின் அளவு. மூட்டும் முதுகும் சேர்ந்த ஒரு மதிப்பெண் துணை அளவுகோல். நோயாளி அமைப்பும் ஆய்வில் பங்காளி. 2020-இல் முடிவு வெளியானது, ஐரோப்பாவில் பெரியவர்களுக்கான அனுமதியும் அதே ஆண்டு கிடைத்தது. மருந்து டைரோசின் என்ற அமினோ அமிலத்தை ரத்தத்தில் ஏற்றிவிடும், கருவிழி பாதிக்கலாம், புரதத்தைக் குறைத்துச் சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் கூடவே வரும். கவனிக்க வேண்டியது 138 என்ற எண். மூன்று மையமும் தனித்தனியாக 46 பேர் வைத்துத் தனிப் பேப்பர் போட்டிருந்தால் பட்டியலில் முதல் பெயராக வர மூன்று பேருக்கு இடம் கிடைத்திருக்கும்; அனுமதி கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

சின்ன எண்களைப் பற்றி ஒன்று. "10 பேருக்குக் கொடுத்தோம், ஒருவருக்கும் கடுமையான பக்கவிளைவு இல்லை" என்று பேப்பரில் வந்தால் மருந்து பாதுகாப்பானது என்று படிக்காதீர்கள். 10-இல் பூஜ்யம் என்றால், உண்மையான விகிதம் 26 சதவீதம் வரை இருந்தாலும் பொருந்தும். அதேபோல் 6 பேரில் 4 பேருக்குப் பலன் என்பதன் நம்பிக்கை இடைவெளி (உண்மையான விகிதம் இருக்கக்கூடிய எல்லை) 22 முதல் 96 சதவீதம் வரை ஓடும். அந்த நால்வரில் ஒருவர் இரண்டு தடவை எண்ணப்பட்டவர் என்றால் மிச்சத்தை நீங்களே போட்டுப் பாருங்கள்.

பேப்பரில் போடும் நோயாளியின் படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை போட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். போதாது என்று அதே இதழாசிரியர் குழு தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அரிய நோயில் வயதும் நாடும் நோயின் பெயருமே ஆளைக் காட்டிக்கொடுக்கும். அதற்காகக் குடும்ப மரத்தில் அண்ணனைத் தங்கையாக மாற்றி வரைந்தால் பரம்பரை முறையே பொய்யாகிவிடும். மாற்றாதீர்கள், தேவையில்லாததை விடுங்கள், குடும்பத்திடம் இறுதி வடிவத்தைக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள்.

கரெஸ்பாண்டிங் ஆதர் (வாசகர்கள் தொடர்புகொள்ள வேண்டிய ஆசிரியர்) என்ற இடத்துக்கும் சண்டை நடக்கிறது, ஆனால் அது எதற்கு என்பதே மறந்துபோகிறது. நோயைக் கண்டுபிடித்து இரண்டு வாரமான ஒரு குடும்பம் பேப்பரில் இருக்கும் அந்த மின்னஞ்சலுக்குத்தான் எழுதும். பேப்பரை எழுதிய ஆய்வு மாணவர் நிறுவனம் மாறியிருப்பார், முகவரி செத்திருக்கும், கடிதம் திரும்பி வரும். துறையின் பொது மின்னஞ்சல் ஒன்றையும், ஆய்வாளருக்கென்று உள்ள மாறாத அடையாள எண்ணான ஆர்சிட் எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.