35 சதவீத மானியம் கையில் ரொக்கமாக வருமா?

"பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் (பி.எம்.இ.ஜி.பி.) 35 சதவீதம் இலவசப் பணம், முதலில் 5,000 ரூபாய் கட்டினால் போதும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு. இது புதுத் தொழில் தொடங்க வங்கிக் கடனோடு அரசு மானியம் தரும் திட்டம். விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. காதி ஆணைய இணையதளத்தில் நீங்களே பதியலாம். மாவட்டத் தொழில் மையத்திலும் உதவி கேட்கலாம்.

திட்டச் செலவில் 35 சதவீத மானியமும் எல்லோருக்கும் இல்லை. பொதுப் பிரிவினருக்கு நகரில் 15, கிராமத்தில் 25. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு நகரில் 25, கிராமத்தில் 35.

கிராமத்தில் ஒரு பெண் 10 லட்சத்தில் மாவு மில் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சொந்தப் பணம் 50,000. வங்கி கொடுப்பது 9.5 லட்சம். மானியம் 3.5 லட்சம் அவர் கைக்கு வராது. வங்கியிலேயே மூன்று ஆண்டு வைப்பாக இருக்கும். அதற்கு வட்டி வராது, அதே அளவு கடனுக்கு வட்டியும் கிடையாது. மூன்று ஆண்டு கழித்து, நேரில் வந்து தொழில் நடக்கிறதா என்று பார்த்த பிறகே கடனில் கழிப்பார்கள். கடன் வாங்கிவிட்டு மில்லை மூடியவருக்கு மானியம் திரும்பிப் போகும், முழுக் கடனும் தலையில் விழும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஏற்கெனவே நடக்கும் கடையைப் புதுத் தொழில் என்று காட்டினால் விண்ணப்பத்தை ஏற்க மாட்டார்கள். நிலத்தின் விலையையும் திட்டச் செலவில் சேர்க்க முடியாது. உற்பத்திக்கு உச்சவரம்பு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம். உற்பத்தியில் 10 லட்சத்துக்கு மேல் போனால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும்.