எடைப் போர்வை எல்லாக் குழந்தைகளையும் தூங்க வைக்குமா?

"ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு எடைப் போர்வை போர்த்தினால் இரவு முழுக்கத் தூங்கும், கைக்குழந்தைக்கும் போடலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. எடைப் போர்வை என்பது உள்ளே சிறு மணிகள் போன்றவற்றை வைத்துத் தைத்துக் கனமாக்கிய போர்வை. செய்தி சொல்லும் இரண்டுமே தவறு.

ஆபத்தானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கனமான போர்வையைக் கைக்குழந்தையால் தள்ளிவிட முடியாது, மூச்சு முட்டலாம். தூங்கும் கைக்குழந்தையின் மேலோ பக்கத்திலோ எடைப் போர்வை கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தயவுசெய்து இதில் சோதனை வேண்டாம்.

சரி, பெரிய பிள்ளைகளுக்கு? பிரிட்டனில் ஆட்டிசம் உள்ள 67 பிள்ளைகளிடம் சாதாரணப் போர்வையோடு ஒப்பிட்டு நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. தூங்கும் நேரம் கூடவில்லை. ஆனாலும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் எடைப் போர்வைதான் அதிகம் பிடித்திருந்தது. அந்த இதமும் முக்கியம்தான். தானே விலக்கிக்கொள்ளத் தெரிந்த பிள்ளையா, எவ்வளவு எடை என்பதை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) கேட்டுவிட்டு வாங்குங்கள்.