கதையை மாற்றட்டும், அவசரப்படாமல் இருந்தால் போதும்

மகாபாரதத்தை ஜெயமோகன் நாவல் வரிசையாக எழுதிய வெண்முரசை யாராவது வெப் சீரிஸாக எடுக்க மாட்டார்களா என்று நாகர்கோவிலில் நாங்கள் நாலைந்து பேர் கூடும்போதெல்லாம் ஒருவர் ஆரம்பித்துவிடுவார். "வேண்டாம் மக்கா, எடுத்துக் கெடுத்துருவானுவ" என்று இன்னொருவர் எதிர்ப்பாட்டு பாடுவார். எப்படிக் கெடுப்பார்கள் என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்: கதையை மாத்திருவாங்க.

எனக்கு அந்தப் பயம் கிடையாது. கதையை மாற்றுவது நம்ம ஜில்லாவுக்குப் புதுசா என்ன? தோல்பாவைக்கூத்தில் ராமாயணம் பார்த்திருக்கிறவர்களுக்கு உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் தெரியாமல் இருக்காது. இந்த ரெண்டு பேரும் வால்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. ராமன் கதை ஒரு பக்கம் நடக்க, இவர்கள் சோற்றுக்கும் அடிதடிக்கும் அலைந்துகொண்டிருப்பார்கள். திரைக்குப் பின்னால் ஒரே ஆள் இருந்து ராமனுக்கும் பேசுவார், இவர்களுக்கும் பேசுவார். மூலத்தில் இல்லாததை எப்படிச் சேர்க்கலாம் என்று யாரும் எழுந்து கேட்டு நான் பார்த்ததில்லை. ராமனை எதிர்பார்த்து வந்த பிள்ளைகள் வீட்டுக்குப் போய் நடித்துக் காட்டுவது உளுவத்தலையனைத்தான்.

ஆக, சேர்க்கலாம். சேர்க்கப்பட்ட ஆளுக்கு அங்கே என்ன ஜோலி என்பதுதான் கேள்வி.

‘வீல் ஆஃப் டைம்’ பார்த்தவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று புரிந்திருக்கும். பார்க்காதவர்களுக்கு: ராபர்ட் ஜோர்டன் 1990-ல் தொடங்கிய ஃபேன்டசி நாவல் வரிசை. முடிக்காமலே 2007-ல் அவர் இறந்துபோனார். அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் எழுதி 2013-ல் 14-வது புத்தகத்தோடு முடித்தார். திருவனந்தபுரத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஒரு பாகம் கையில் மாட்டி, அப்புறம் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, மார்த்தாண்டம் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்த புத்தகங்கள் அவை. 2021 நவம்பரில் அமேசான் பிரைமில் சீரிஸ் வந்தது. முதல் எபிசோடிலேயே பெரினுக்கு ஒரு பெண்டாட்டியைக் கொடுத்திருந்தார்கள். நாவலில் அப்போது அவன் கல்யாணமாகாத கொல்லப் பட்டறைப் பையன். அந்தப் பெண் யார், எப்படிப்பட்டவள் என்று நமக்குப் பிடிபடுவதற்குள் சண்டை வெறியில் அவன் கோடரியே அவள் மேல் விழுந்து செத்துப்போகிறாள். அவன் சீசன் முழுக்கச் சோகமாக இருக்க ஒரு காரணம் வேண்டுமாம், அதற்காக ஒருத்தியைப் பிறப்பித்துக் கொன்றாகிவிட்டது. அவள் இருக்கட்டும், ஆனால் உளுவத்தலையனுக்கு உள்ள ஆயுசாவது கொடுத்திருக்கலாமே.

இதைவிடப் பெரிய கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு வில்லுப்பாட்டு வேண்டும்.

அம்மன் கோயில் திருவிழாவான கொடையில், வில்லுப்பாட்டை முன்னின்று பாடுகிற அண்ணாவிக்குக் கிடைக்கிற நேரம் அளவானது. கதையோ ஏட்டில் நீண்டு கிடக்கும். பூசை தாமதமாகும், மைக் இரையும், ஊர்க்காரர் ஒருத்தர் வந்து காதில் "சீக்கிரம் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அண்ணாவி அதற்கெல்லாம் அசரமாட்டார். பிறப்பு வளர்ப்பைச் சுருக்குவார், ஊர் வர்ணனையை நாலு வரியில் தாண்டுவார், ஒரு கிளைக்கதையையே விழுங்கிவிடுவார். ஆனால் இசக்கி கதையில் பழிவாங்க வந்த பேயான நீலி கள்ளிக்கொப்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு செட்டியின் பின்னால் நடக்கிற கட்டம் வந்ததும் வேகம் இறங்கும். வீசுகோல் வில்லின்மேல் மெல்ல விழும், குடத்தடி தளரும். செட்டியைத் தன் புருசன் என்று அவள் கூப்பிடுகிற வரியை அண்ணாவி இழுத்துப் பாட, பக்கப்பாட்டுக்காரர் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார். மறுபடியும் அதே வரி. கதை ஒரு அடிகூட நகர்ந்திருக்காது. முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற பெண்கள், தூங்குகிற பிள்ளையை மடியில் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்வார்கள். அப்புறம்தான் உடுக்கும் குடமும் ஏறும், சாமியாடுகிற கோமரத்தாடிக்கு உடம்பு சிலிர்க்கும். இந்த இடத்தை ஓட்டிவிட்டுப் போகிற அண்ணாவிக்கு அடுத்த கொடைக்கு அழைப்பு வராது. வேறு எதை விட்டாலும் ஊர் பொறுத்துக்கொள்ளும்.

எங்கே தாண்டுவது, எங்கே நிற்பது என்ற இந்த அளவு கையில் இல்லாதவன் கதையை ஒரு எழுத்து மாற்றாமல் எடுத்தாலும் எனக்கு வேண்டாம்.

பிரைமில் முதல் சீசனுக்கு மொத்தமே எட்டு எபிசோட். அதில் ஐந்தாவதில் பெரும்பங்கை, நாவலில் பேருக்கு வருகிற ஒரு காவல்வீரனின் துக்கத்துக்கும் சாவுக்கும் கொடுத்தார்கள். அந்த எபிசோட் தனியாகப் பார்த்தால் நன்றாகவே இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் நேரத்தை அங்கே செலவழித்துவிட்டு, கடைசி எபிசோடில் கதாநாயகன் ராண்ட் தன் சக்தியை முதன்முதலாக முழுசாக உணர்கிற இடத்தை மூச்சு வாங்கக்கூட விடாமல் கடத்தினார்கள். நாவலில் கணவாயில் எதிரிப் படையை அழிப்பவன் அவன். சீரிஸில் அந்த வேலை வேறு கைகளுக்குப் போய்விட்டது. ஞாயமாகச் சொன்னால் அவர்களுக்கும் சோதனைதான். கொரோனா வந்து படப்பிடிப்பு நின்றது, மேட் என்ற பாத்திரத்தில் நடித்தவர் பாதியில் விலகினார், கடைசி ரெண்டு எபிசோடையும் அவன் இல்லாமல் திருத்தி எழுதவேண்டியதாயிற்று.

பிறகு 2025-ல் மூன்றாவது சீசன் வந்தது. நாலாவது எபிசோடில் ராண்ட் கண்ணாடித் தூண்களுக்கு நடுவே நடக்கிறான். ஒவ்வொரு அடிக்கும் தன் முன்னோர்களில் ஒருவனாக மாறி, தலைமுறை தலைமுறையாகப் பின்னால் போகிறான். அத்தனை முன்னோர்களையும் ஜோஷா ஸ்ட்ரடோவ்ஸ்கி ஒருவரே நடித்திருக்கிறார். ஈட்டியே வாழ்க்கை என்று இருக்கிற ஒரு கூட்டம், ஆயுதத்தைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தவர்களின் வாரிசு என்பது அங்கே தெரியவருகிறது. அவசரமே இல்லை. சொன்னேனே, நீலியிடம் அண்ணாவி நிற்பது, அந்த நிற்றல். புத்தகத்தைத் தொட்டே பார்க்காத என் சித்தி மகள் அதைப் பார்த்து முடித்ததும், "அண்ணா, அந்த புக்கு உன்கிட்ட இருக்கா?" என்று கேட்டாள்.

அந்த சீசன் ஏப்ரலில் முடிந்தது. மே 23-ம் தேதி, இனி கிடையாது என்று செய்தி வந்துவிட்டது. 14 புத்தகத்தில் நாலாவது புத்தகத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது கதை. தாளம் பிடிபட்ட நேரத்தில் பந்தலைப் பிரித்துவிட்டார்கள்.

இந்த நாவலுக்கு ஜாதகமே அப்படித்தானோ என்னவோ. 2015 பிப்ரவரியில், கையிலுள்ள திரை உரிமை காலாவதியாகாமல் இருக்க ஒரு குட்டிப் படத்தை எடுத்து, அமெரிக்காவில் எஃப்எக்ஸ்எக்ஸ் சேனலில் ராத்திரி ஒன்றரை மணிக்கு ஓட்டினார்கள். யாரும் பார்க்கக்கூடாது என்றே வைத்த நேரம். ஜோர்டனின் மனைவி, அவருடைய எடிட்டரும் அவர்தான், எனக்குத் தெரியாமல் நடந்தது என்று அறிக்கை விட்டார். எங்கள் பக்கம் கொடையில் ராத்திரி ஒன்றரைக்குத்தான் ஊரே முழித்திருக்கும்.

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ சீரிஸ் முடிந்த விதம் பற்றி எல்லாரும் பேசி ஓய்ந்தாயிற்று. எபிசோட் கணக்கை மட்டும் பாருங்கள். முதல் ஆறு சீசனும் பத்துப் பத்து. ஏழாவது ஏழு, எட்டாவது ஆறு. கதை கனக்கக் கனக்க நேரம் மெலிந்துவிட்டது. இன்னும் சீசன்கள் எடுக்க ஹெச்பிஓ தயாராகத்தான் இருந்தது, எடுத்தவர்களுக்குத்தான் முடித்துவிட்டுப் போகவேண்டியிருந்தது. அதில் ராணி டெனேரிஸ் கடைசியில் கொடியவளாக மாறியதை நான் குறை சொல்லமாட்டேன். அவள் மாறுவதை உட்கார்ந்து பார்க்க நமக்கு ராத்திரி மிச்சமில்லை.

நம்ம பொன்னியின் செல்வனும் அப்படித்தான். ஐந்து பாகம், ரெண்டு படம், ரெண்டும் சேர்த்து ஐந்தரை மணி நேரம். நாவல் படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். பூக்கட்டுகிற சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்று தெரிகிற இடத்துக்காக கல்கி பாகம் பாகமாக முடிச்சுப் போட்டுவைத்திருப்பார். படத்தில் அந்த முடிச்சே இல்லை. மணிரத்னத்தைத் திட்டி என்ன ஆகப்போகிறது? ஐந்தரை மணி நேரத்தில் அதற்கு எங்கே இடம்?

இப்போது வெண்முரசுக்கு வருகிறேன். ஜெயமோகன் 2014 ஜனவரி 1-ல் தொடங்கி 2020 ஜூலையில் முடித்தார், 26 நாவல். எங்கள் ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனுசன் தினம் ஒரு அத்தியாயம் போட்டார் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும். நாவலுக்கு எட்டு எபிசோட் என்றாலும் 208 ஆகிறது. இப்போதைய ஓடிடி பழக்கப்படி சீசனுக்குச் சீசன் ரெண்டு வருச இடைவெளி விட்டால் ஐம்பது வருசத்துக்கு மேலே போகும். பீஷ்மருக்குத் தேர்ந்தெடுத்த நடிகர் அம்புப் படுக்கைக்கு வரும்போது ஒப்பனையே தேவைப்படாது.

பழைய தூர்தர்ஷன் மகாபாரதத்தைச் சிரிக்கிறவர்கள் உண்டு. அட்டைக் கிரீடம், ஆகாயத்தில் முட்டிக்கொள்கிற அம்பு, எல்லாம் சரிதான். ஆனால் 1988 அக்டோபரில் தொடங்கி, ஞாயிறு தவறாமல் 94 எபிசோட் ஓட்டி, 1990-ல் முடித்துக்காட்டினார் பி.ஆர்.சோப்ரா. இந்தி தெரியாத வீடுகளில்கூட உட்கார்ந்து பார்த்தார்கள். அடுத்த வாரம் வரும் என்ற நம்பிக்கை இருந்தது. இன்றைக்குக் கோடிகோடியாகச் செலவழித்து எடுக்கிறவர்களால் கொடுக்க முடியாதது அதுதான்.

அதனால் எடுக்கிறவர்களிடம் என் விண்ணப்பம் சின்னது. இருபத்தாறையும் அறிவிக்காதீர்கள். ‘வண்ணக்கடல்’ ஒன்றை மட்டும் எடுங்கள். அஸ்தினபுரியைப் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து கிளம்பும் பாணன் இளநாகன் இருக்கிறான், அவன் கூடவே நாமும் போய்விடலாம். துரோணர், கர்ணன், ஏகலவ்யன் என்று அதிலேயே ஒரு சீசனுக்கு வேண்டியது கிடக்கிறது. எதைச் சேர்த்தாலும் கேட்கமாட்டேன், யாரை விட்டாலும் கேட்கமாட்டேன். துரோணர் கட்டைவிரலைக் கேட்கிற இடத்துக்கு முழுசாக ஒரு எபிசோட் தரமுடியாது என்றால் மட்டும் உரிமையே வாங்கவேண்டாம்.

கர்ணனுக்கு யாரைப் போடலாம் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அந்தப் பேச்சில் எங்கள் வீட்டில் அண்ணனும் நானும் ஒரு ஓணம் லீவு முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறோம்.