உடல் கிடைக்காதவனுக்கு எதற்குக் கல் என்றா கேட்கிறீர்கள்?

போரில் காணாமல் போன வீரர்களின் பெயரைக் கல்லில் பொறிக்க வேண்டுமா என்று நேற்று நடந்த விவாதத்தின் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். "உடலே கிடைக்காதவனுக்கு எதுக்குய்யா கல்வெட்டு?" என்று அதில் பேசிய ஒருவர் கேட்டதையும், கூட இருந்தவர்கள் சிரித்ததையும்.

ஐயா, உடல் கிடைக்காதவனுக்குத்தான் முதலில் கல் வேண்டும். கிடைத்தவனுக்கு ஒரு சமாதியாவது இருக்கும், வருஷத்துக்கு ஒருமுறை போய் மாலை போடலாம். பிரான்சில் நூவ் ஷாப்பேல் நினைவிடத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. முதல் உலகப் போரில் செத்து, புதைத்த இடமே தெரியாமல் போனவர்கள். "வெள்ளைக்காரனுக்குச் சண்டை போட்டவர்கள்தானே" என்று யாராவது வருவீர்கள். வாருங்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

எங்கள் பெரியப்பா 1962 சீனப் போரில் நேஃபா (இன்றைய அருணாசலப் பிரதேசம்) பக்கம் போனவர். காணவில்லை என்று தந்தி வந்தது. பெரியம்மா தாலியைக் கழற்றவில்லை. திதி கொடுப்பதா வேண்டாமா என்று வீட்டில் வருஷா வருஷம் சண்டை. ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சட்டம். அந்தக் காகிதத்துக்கு அலைந்தபோது ஒரு குமாஸ்தா, "எங்கேயாவது ஓடிப்போயிருப்பாரும்மா" என்று சிரித்தாராம். நேற்று கேட்டதும் அதே சிரிப்புதான்.

பெரியம்மா போய்ச் சேர்ந்த பிறகு, 2019-ல்தான் தில்லியில் தேசியப் போர் நினைவிடம் திறந்தார்கள். திறந்தபோது அதில் 25,942 பெயர்கள். பெரியப்பா பெயர் அதில் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், இங்கே எழுத மாட்டேன்.

பழைய கதை என்பவர்களுக்கு: 2016 ஜூலையில் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 விமானம் என்ன ஆனது? 29 பேர். அதன் சிதைவுகளாகத்தான் இருக்கும் என்று கடலில் 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களைக் காட்டியதே 2024 ஜனவரியில்தான். அந்த வீடுகளில் போய்க் கேளுங்களேன், கல் எதற்கு என்று.

போரைப் புகழ்கிறாயா என்பது கொஞ்சம் நியாயமான கேள்வி. தேர்தல் வந்தால் மட்டும் ராணுவத்தானை நினைப்பவர்களை எனக்கும் பிடிக்காது. அதற்காகப் பெயரையே எழுதாதே என்றால் யாருக்கு வசதி? எத்தனை பேர் செத்தார்கள் என்று யாரும் எண்ணிப் பார்க்கக் கூடாது என்பவர்களுக்குத்தானே?

அந்தக் காசில் பள்ளிக்கூடம் கட்டலாமாம். மெரினா நெடுக சிலை வைத்தபோது எங்கே போனீர்கள்? நேப்பியர் பாலத்துப் பக்கம் இருக்கும் போர் நினைவுச்சின்னம் நமக்கு ஆட்டோக்காரரிடம் வழி சொல்லத்தான் பயன்படுகிறது. உள்ளே யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தவர் எத்தனை பேர்?

சரி, கடைசியாக ஒன்று. அந்த வீடியோவைப் பகிர்ந்து சிரிப்பு பொம்மை போட்டவர்களில் எங்கள் சொந்தக்காரர்கள் இரண்டு பேர். பெரியம்மா கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். நட்புப் பட்டியலில் இருந்து நீங்களே போய்விட்டால் எனக்கு வேலை மிச்சம்.