தொப்பூர் இறக்கத்தையும் பாருங்கள்
அபாயகரமான சரக்கு ஏற்றும் லாரிகளுக்கு அனுமதியைக் கடுமையாக்கணும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், சரிதான். ஆனால் நான் தருமபுரிக்காரன், தொப்பூர் கணவாய் வழியாக அடிக்கடி சேலம் போகிறவன். அந்த இறக்கத்தில் லாரி டிரைவர்கள் டீசல் மிச்சம் பிடிக்க கியர் போடாமல் நியூட்ரலில் இறக்கி, பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய் முன்னால் போகிற வண்டியில் மோதுகிறார்கள், அது ஆசிட் டேங்கராக இருந்தால் என்ன ஆகும்?

1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 9ஆவது விதிப்படி இந்தச் சரக்கு ஓட்டுபவர் தனிப்பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிந்திருக்க வேண்டும். அதை இறக்கம் தொடங்கும் முன்பே நிறுத்திப் பார்க்கட்டும். அப்புறம், உள்ளே என்ன சரக்கு என்று காட்ட டேங்கரில் எழுதியிருக்கும் நான்கு இலக்க எண்ணை (1203 பெட்ரோல், 1830 கந்தக அமிலம்) சாலையோர ஊர்க்காரர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள், வண்டி கவிழ்ந்தால் முதலில் ஓடிப்போய் நிற்பது அவர்கள்தான்.